கோமாளி பொம்மையோட முதுகைப் பாருங்க

திருவரங்குளம் சிவன் கோயில் திருவிழாக் கடையில பாட்டுப் பாடுற கோமாளி பொம்மையைப் பார்த்தா எனக்கே ஆசையா இருக்கும். ஆனா முதல்ல அதோட முதுகைத்தான் திருப்பிப் பார்ப்பேன்.

1796-ல ஜெனீவா கடிகாரக்காரர் அந்துவான் ஃபாவ்ர் கண்டுபிடிச்ச இசைப்பெட்டிக்குச் சாவி முறுக்கினா போதும், முள்ளு எஃகுப் பல்லை மீட்டிப் பாடும். கலைப்பொருளா சேகரிக்கிற கோமாளிப் பெட்டிகள் பலதும் அப்படித்தான். மலிவு பொம்மைக்குள்ள இருக்கறது பட்டன் பேட்டரி.

குழந்தை முழுங்கி உணவுக்குழாயில மாட்டினா, எச்சில்ல மின்சாரம் பாய்ஞ்சு 2 மணி நேரத்துலயே பொசுக்கிடும். வாந்தி எடுக்க வைக்காதீங்க. வாழைப்பழமும் வேண்டாம். 1 வயசு தாண்டின பிள்ளைன்னா 10 நிமிஷத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன் குடுத்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. வீட்ல தேன் இல்லையா, தேடிக்கிட்டு நிக்காதீங்க.

பேட்டரி மூடியில ஸ்க்ரூ இருந்தா மட்டும் வாங்குங்க.