காற்று வாங்கும் வண்டி

புல்வெட்டும் டிராக்டரின் பின் அச்சை முழுசாகக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தால்தான் அதிலுள்ள ஆயில் வெளியே வரும். வடிக்க அடியில் ஒரு திருகுகூட வைக்கவில்லை. ‘சீல்டு’ என்று பேர். ஆயுசுக்கும் ஆயில் மாற்ற வேண்டாமாம். யாருடைய ஆயுசு என்று கையேட்டில் போடவில்லை.

ஒஹாயோவில் என் வீட்டுக்குப் பின்னால் புல்தரை மேடேறிப் போகிறது. முதல் அரைமணி நேரம் வண்டி ஜம்மென்று ஏறும். அப்புறம் இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்க, சக்கரம் மட்டும் நின்றுவிடும். இதில் கிளட்ச் மிதித்து கியர் மாற்றுகிற வேலை கிடையாது. பின் அச்சுக்குள்ளேயே ஒரு பம்ப் ஆயிலைத் தள்ளும், ஆயில் ஒரு மோட்டாரைச் சுழற்றும். பெடலை மிதித்தால் உள்ளே ஒரு தட்டு சாயும். எவ்வளவு சாய்வோ அவ்வளவு வேகம்; மறுபக்கம் சாய்ந்தால் ரிவர்ஸ். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்க்கப்பல் பீரங்கிகளைத் திருப்பிய வித்தை இது. இப்போது என் கொல்லைப் புல்லுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆயில் பழசாகிச் சூட்டில் நீர்த்துப் போனால் பிஸ்டன் இடுக்கில் கசியும்; மேட்டில் வண்டி முரண்டு பிடிக்கும்.

ஒரு சனிக்கிழமை கழற்றினேன். எண்ணெய்க்கு உகந்த நாள்தானே. கவிழ்த்ததும் கன்னங்கரேலென்று வந்தது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளித்தூள் மினுங்கியது. புதிதாக 5டபிள்யூ-50 சிந்தெடிக் ஊற்றினேன். அதோடு முடிந்ததென்றுதான் நினைத்தேன். இனிமேல் உள்ளே போன காற்றை வெளியேற்ற வேண்டும் என்றது கையேடு.

காற்று என்றதும் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் இருந்த மாமாவின் கிணற்றுமேட்டுக்குப் போய்விட்டேன். அங்கே ஓர் ஆயில் இன்ஜின். டீசல் தீர்ந்து நின்றுவிட்டால், திரும்ப ஊற்றினாலும் கிளம்பாது. “காத்துப் புடிச்சிருச்சு” என்பார் மாமா. ஸ்பேனரால் ஒரு திருகை லேசாகத் தளர்த்துவார். முதலில் நுரை, பிறகு டீசலும் கொப்புளமுமாக விட்டுவிட்டு வரும். கொப்புளம் நின்று டீசல் நூல் பிடித்தாற்போல் வரும்வரை அதையே பார்த்திருப்பார். அந்த நேரத்தில் யாரும் அவரோடு பேசக் கூடாது. அத்தைகூட காபி டம்ளரைத் திட்டில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவாள். இறுக்கிவிட்டு ஹேண்டிலைச் சுற்றினால் புகைபோக்கி டக், டக் என்று பிடிக்கும்.

இன்ஜின் ஓடினாலும் தண்ணீர் வராத நாளுண்டு. “பம்பு காத்து வாங்குது.” அதற்கு மருந்து சாணிக் கரைசல். வாளியில் நாரில்லாமல் கரைத்து பம்பின் வாயில் ஊற்றுவார். ஒழுகும் இடுக்குகளைச் சாணி அடைத்துக்கொள்ளும். வாய்க்காலில் முதலில் பச்சையாக வரும், பிறகு தெளியும். நாங்கள் தெளியும்வரை பொறுத்ததில்லை, பச்சைத் தண்ணீரிலேயே குதித்து அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொள்வோம்.

இங்கே ஸ்பேனருக்கு வேலை இல்லை. பின்சக்கரங்கள் தரையில் படாமல் வண்டியை முட்டுக்கொடுத்துத் தூக்கி, பைபாஸ் நெம்புகோலை இழுத்துவிட்டு, பெடலை முன்னும் பின்னுமாக ஐந்தாறு தடவை மெதுவாக மிதிக்க வேண்டும். பிறகு நெம்புகோலைத் தள்ளிவிட்டு இன்னொரு சுற்று. அந்தரத்தில் சக்கரம் விக்கி விக்கிச் சுற்றியது. உள்ளே களக்களக் என்று சத்தம். சாப்பிடக் கூப்பிட்ட மனைவியைக் கையமர்த்தினேன். மெல்ல மெல்லச் சத்தம் அடங்கியது. ஆயில் மட்டம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

அன்று ராத்திரியே மாமாவுக்குப் போன் போட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு, “மேடு ஏறுதா?” என்றார்.

“நாளைக்குத்தான் மாமா பாக்கணும்.”

“ஏறலீன்னா சாணி கரைச்சு ஊத்திப் பாரு கண்ணு. அங்க சாணி கெடைக்குமா?”