நெகேமியா கேட்ட கடிதம்

தியானப் பகுதி: நெகேமியா 2:1–9



கோடை விடுமுறை நெருங்கும்போது பயண ஜெபத்திற்காகக் குருமனைக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை கூடுகிறது. கொழும்புக்கு, சிங்கப்பூருக்கு, இலண்டனுக்கு என்று ஊர்கள் மாறினாலும், அண்மைக் காலத்தில் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "விசா வேண்டாம் என்கிறார்கள், ஆனால் ஏதோ 'ஈடிஏ' எடுக்க வேண்டுமாம். வேண்டாம் என்றால் வேண்டாம்தானே ஐயா, பிறகு எதற்கு இன்னொரு அனுமதி?" இந்த வாரம் இக்கேள்வியைத் திருமறையின் வெளிச்சத்தில் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் செய்தியைத் தெளிவாக அறிந்துகொள்வோம். ஈடிஏ என்பது மின்னணுப் பயண அனுமதி. விசா விலக்குப் பெற்ற நாட்டினரும் வீட்டிலிருந்தே இணையத்தில் தங்கள் விவரங்களைக் கொடுத்து, கட்டணம் செலுத்தி, விமானம் ஏறுவதற்கு முன்பே பெற்றுக்கொள்ள வேண்டிய ஒப்புதல் அது. அமெரிக்கா இதனை 2009 ஜனவரியில் கட்டாயமாக்கியது. கனடா 2016-ல் கொண்டுவந்தது. பிரிட்டன் 2025 ஜனவரி 8 முதல் சிங்கப்பூர், மலேசியா, கனடா முதலிய நாட்டினரிடம் இதனைக் கேட்கிறது. 10 பவுண்டாக இருந்த கட்டணம் அவ்வாண்டு ஏப்ரலில் 16 பவுண்டாயிற்று. முன்பு துறைமுகத்தில் அதிகாரி பார்த்ததை, இப்போது பயணி புறப்படும் முன்பே கணினி பார்க்கிறது. வாசல் இடம் மாறியிருக்கிறதேயன்றி, வாசல் இல்லாமற்போகவில்லை.

இதில் நம் குடும்பங்கள் உணரும் வேறுபாடு ஒன்றுண்டு. இலண்டனில் ஒரு திருமணம் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற அண்ணனுக்கு இந்த எளிய அனுமதி போதும். மதுரையில் இருக்கும் தம்பியோ இந்தியக் கடவுச்சீட்டோடு முழு விசாவுக்கு விண்ணப்பித்து, கைரேகை கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ஒரே தாயின் பிள்ளைகள். கடவுச்சீட்டின் நிறம் அவர்களை இரண்டு வரிசைகளில் நிறுத்துகிறது.

நம் பகுதியினருக்கு அருகிலிருக்கும் உதாரணம் இலங்கை. அந்நாடு 2012 ஜனவரியில் ஈடிஏ முறையைத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் மதுரையிலிருந்து முதல் பன்னாட்டு விமானம் கொழும்புக்குப் பறந்தது. அதன்பின் விதிகள் பலமுறை மாறின: 2023-ன் இறுதியில் இந்தியர்களுக்குச் சில மாதங்கள் கட்டணமில்லை, 2024-ல் விசாப் பணி தனியாரிடம் போயிற்று, அவ்வாண்டு ஆகஸ்டில் இலங்கை உச்ச நீதிமன்றம் அதனை நிறுத்திவைத்தது. ஆகவே போன முறை சென்றுவந்த நினைவை நம்பிப் புறப்படாதீர்கள்.

சபையாரே, அனுமதி கேட்பது விசுவாசக் குறைவா? நெகேமியாவைப் பாருங்கள். சூசான் அரமனையில் ராஜாவுக்குப் பானபாத்திரக்காரனாயிருந்தவர். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறதென்று கேட்டதும் அழுது, உபவாசித்து, ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஜெபத்தில் காத்திருந்தார். பின்பு ராஜா அவரிடம் கேட்டவை இரண்டு: பயணம் எத்தனை நாள் செல்லும்? எப்போது திரும்பி வருவாய்? இன்றைய விண்ணப்பப் படிவங்களும் கேட்பது ஏறக்குறைய இவற்றையே! நெகேமியா ஒரு காலத்தைக் குறித்துச் சொன்னார். அத்தோடு நில்லாமல், நதிக்கு அப்புறத்துத் தேசாதிபதிகள் தம்மை வழிவிடும்படி கடிதங்களும் கேட்டார். ஜெபித்தவர்தான் கடிதமும் கேட்டார். தேவனுடைய தயவான கரம் தம்மேல் இருந்தபடியால் ராஜா அவற்றைக் கொடுத்தார் என்று அவரே சாட்சி சொல்லுகிறார்.

எஸ்றாவோ அதே ராஜாவிடம் வழித்துணைக்குச் சேவகரைக் கேட்க வெட்கப்பட்டு, ஆற்றங்கரையில் உபவாசம் கூறினார் (எஸ்றா 8:21–23). ஆயினும் அவரும் ராஜாவின் கட்டளைக் கடிதத்தைக் கையில் கொண்டே சென்றார் (எஸ்றா 7). பாதுகாப்பைத் தேவனிடத்தில் வைத்தார்கள்; நாட்டின் ஒழுங்கை அசட்டை செய்யவில்லை.

எனினும் இந்தக் காகிதங்களின் பின்னால் இருக்கும் வேதனையை ஒரு போதகனாக நான் மறக்க இயலாது. நம் சபையில் ஒரு தாயார் இருந்தார். இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவருடைய முன்னோர் நம் சமவெளிக் கிராமங்களிலிருந்து மண்டபம் முகாம் வழியாகக் கடல் கடந்தவர்கள். அக்காலத்தில் கூலியாட்கள் எந்தத் தோட்டத்திற்குரியவர்கள் என்பதைக் காட்டும் தகரத் துண்டைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிந்து பயணம் செய்தார்கள். வழிச்செலவும் அவர்கள் கடனிலேயே எழுதப்பட்டது. பின்பு 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று இரு அரசுகளும் முடிவு செய்தன. இந்தத் தாயார் இளம்பெண்ணாகத் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்தார். அவருடைய அக்காள் ஹட்டனிலேயே தங்கிவிட்டார். போர்க்காலத்தில் கப்பலும் நின்றது.

பல்லாண்டுகளுக்குப் பின் அக்காளைக் காண அவருக்கு வாய்ப்பு வந்தது. பேரன் கைபேசியில் படிவத்தை நிரப்பும்போது நானும் உடனிருந்தேன். 'பிறந்த நாடு' என்ற இடத்தில் இலங்கை. 'வருகையின் நோக்கம்' என்ற இடத்தில் சுற்றுலாவோ உறவினரைக் காணுதலோ என்ற கேள்வி. அந்தத் தாயார் மெதுவாகச் சொன்னார்: "நான் பிறந்த மண்ணுக்குப் போக நானே உத்தரவு கேட்கணுமா ஐயா?" அதற்கு நான் பதில் சொல்லவில்லை, அவருடைய கரத்தைப் பிடித்து ஜெபித்தேன். அன்று மாலையே ஒப்புதல் வந்தது. அக்காளைக் கண்டு, இரண்டு வாரம் உடனிருந்து திரும்பினார். அடுத்த ஆண்டே அந்த அக்காள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் முதல் ஆலோசனை உண்மை. நோக்கம் என்ற இடத்தில் உள்ளதையே எழுதுங்கள். வெளிநாட்டு ஊழியர்களைக் கூட்டங்களுக்கு அழைக்கும்போது, "சுற்றுலா என்று போட்டால் போதும்" என்று சிலர் சொல்லுகிறார்கள். நம் நாட்டு விதிகளில் மிஷனெரி விசா என்று தனி வகை உண்டு; சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் செய்வது விதிமீறல். சத்தியத்தை அறிவிக்க வருகிறவர் பொய்யோடு வாசலைக் கடக்கலாமா?

இரண்டாவது கவனம். அனுமதி உங்கள் கடவுச்சீட்டு எண்ணோடு பிணைந்தது. ஓர் எண் தவறினாலும் பயன்படாது. புதிய கடவுச்சீட்டு எடுத்தால் புதிய அனுமதியும் வேண்டும். தந்தை பெயரை முன்னெழுத்தாக வைப்பது நம் வழக்கம்; படிவத்திலோ கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை எழுத வேண்டும். அரசின் தளத்தைப் போலத் தோன்றி அதிகப் பணம் பறிக்கும் தளங்கள் உண்டு. இலங்கை அரசின் முகவரிகள் '.ஜிஓவி.எல்கே' என்று முடிவதைப் பாருங்கள். முதியோருக்கு இளைஞர்கள் இதில் உதவுவதும் ஊழியமே.

மூன்றாவது பொறுமை. ஒப்புதல் கிடைத்தாலும் உள்ளே விடுவது எல்லையிலுள்ள அதிகாரியின் முடிவே. மறுக்கப்படுவோரும் உண்டு. 1812-ல் கல்கத்தாவுக்கு வந்த அமெரிக்க மிஷனெரிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி தங்கவிடவில்லை. அவர்களில் சாமுவேல் நியூவெல் இலங்கைக்குச் சென்றார். 1816-ல் அவருடைய சங்கத்தார் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கினார்கள். அங்கிருந்தே 1834-ல் மதுரைக்கு வந்தார்கள். பசுமலையும் அமெரிக்கன் கல்லூரியும் அந்த வழியில் நமக்குக் கிடைத்தவை. ஒரு வாசல் மூடப்பட்டதால் நம் ஊருக்கு ஒரு வாசல் திறந்தது.

உங்களில் ஒருவருக்கு இந்த வாரம் மறுப்பு வந்திருக்கலாம். பேரக்குழந்தையின் ஞானஸ்நானத்தைக் கைபேசித் திரையில் மட்டுமே காண நேரலாம். அந்த மறுப்பு உங்கள் மதிப்பைக் குறித்த தீர்ப்பல்ல. எந்த நாட்டுப் பட்டியலிலும் இல்லாதவர்களைத் தம் வீட்டாராக எண்ணுகிறவர் நமக்கு உண்டு (எபேசியர் 2:19). அடுத்த வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இன்றே போய் அவரோடு சற்று அமர்ந்திருங்கள்.

ஜெபம்: எங்கள் போக்கையும் வரவையும் அறிந்த பிதாவே, பயணப்படுகிற பிள்ளைகளை உண்மையிலும் கவனத்திலும் நடத்தும். பிரிந்திருக்கும் குடும்பங்களை ஒன்றுசேரும். காத்திருப்போருக்குப் பொறுமையையும், வாசலில் அமர்ந்து முடிவெடுப்போருக்கு இரக்கத்தையும் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.