கயிறு யார் பிடிப்பா?

தூத்துக்குடி போனால் மக்ரூன் வாங்காமல் திரும்பக் கூடாது. மச்சான் இல்லாமல் கடலில் குதிக்கக் கூடாது. முதலாவது எனக்கு முன்பே தெரியும். இரண்டாவதைத் திரேஸ்புரம் கடற்கரையில் கற்றேன்.

கூட வந்த நண்பன் செல்போனில் ஒரு பறக்கும் பைக்கைக் காட்டினான். "இது வந்துட்டா ஆபீசுக்கு டிராபிக்கே கிடையாதுடா! அட்வான்ஸ் கட்டிரலாமா?"

"பொறுடா" என்றேன். ஜப்பானில் 2021-ல் 'எக்ஸ்டூரிஸ்மோ' வந்தது. விலை 7.77 கோடி யென். நாற்பது நிமிஷம் பறக்கும் என்றார்கள். 2024-ல் கம்பெனியே திவால்! நம்ம சென்னை வினாட்டாவும் 2021-ல் பறக்கும் கார் மாடலை மத்திய விமானத் துறை மந்திரியிடம் காட்டியது. நான் இன்னும் ஷேர் ஆட்டோவில்தான் போகிறேன்.

பக்கத்தில் வலை சரிபார்த்துக் கொண்டிருந்த பெரியவர் வீடியோவை எட்டிப் பார்த்தார்.

"எய்யா, நடு வானத்துல மெஷின் நின்னுட்டா?"

நண்பன் விழித்தான். பைக் நின்றால் ஓரமாகத் தள்ளலாம். விமானத்துக்கு இறக்கை உண்டு, சறுக்கியாவது இறங்கலாம். நாலு ஃபேனை நம்பித் தொங்குகிறவனுக்கு?

1961-ல்தான் இங்கே கடைசி முத்துக்குளிப்பு. அந்தக் காலத்துக் கதையைப் பெரியவர் சொன்னார்:

"தோணியில கயிறு பிடிக்கிறது மச்சான்தான். கூடப் பிறந்தவன் விட்டாலும் விடுவான், மச்சான் விடமாட்டான். அவன் தங்கச்சி தாலியில்லா அந்தக் கயித்துல தொங்குது!"

நண்பன் போனைச் சட்டைப் பையில் போட்டான். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. முதலில் ஒரு நல்ல மச்சானாகத் தேடச் சொல்லியிருக்கிறேன். அட்வான்ஸை அப்புறம் பார்க்கலாம்.