நஞ்சை உண்ணும் மண்



அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஸ்ட்ராபெரி நாற்றுகளை நடுமுன் மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வாயுவை மண்ணுக்குள் செலுத்தி, வயலைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடிவைப்பது பல ஆண்டுகளாக வழக்கமாயிருந்தது. நூற்புழு, பூஞ்சை, களைவிதை ஒன்றும் தப்பலாகாது என்பதே நோக்கம். ஆயினும் அவ்வாயுவில் ஒரு பங்கு கசிந்து, புறஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காக்கும் ஓசோன் படலத்தை எட்டியது. அங்கே ஒரு புரோமின் அணு, ஒரு குளோரின் அணுவைவிட ஏறத்தாழ 60 மடங்கு கேடு விளைவிக்கிறது.

1990-களில், இவ்வாறு நஞ்சூட்டப்பட்ட வயல் மண்ணை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். எதுவும் பிழைக்கலாகாது என்றிருந்த அந்த மண்ணில் ஒரு பாக்டீரியா அந்த நஞ்சையே உணவாக உண்டு வளர்வதைக் கண்டார்கள். ஐஎம்பி-1 என்று அதற்குப் பெயரிட்டார்கள். அது வாயுவிலுள்ள கரிமத்தை எடுத்துக்கொள்கிறது. புரோமினையோ, வானத்துக்கு எழும்பாத உப்பாக மண்ணிலேயே விட்டுவிடுகிறது.

இத்திறன் எதற்காக? கடலும், உப்புச் சதுப்பு நிலங்களும், கடுகு இனத்துச் செடிகளும் இயற்கையாகவே இவ்வாயுவைச் சிறிதளவு வெளியிடுகின்றன. மருந்து காணாத காட்டு மண்ணும் காற்றிலிருந்து அதை உறிஞ்சிச் சிதைக்கிறது. சிருஷ்டிகர் தம் படைப்பில் வைத்த இந்த அமைதியான ஊழியத்தை எண்ணி நான் வியக்கிறேன்.

அப்படியானால், மண்ணே எல்லாவற்றையும் சுத்திகரித்துவிடும் என்று நாம் கவலையற்றிருக்கலாமா? இயலாது. நுண்ணுயிரின் உழைப்புக்கு ஓர் எல்லை உண்டு. வயலில் ஒரேயடியாகக் கொட்டியதை அது முழுவதும் உண்டு தீர்க்கவில்லை. குளிர்பதனப் பெட்டிகளில் முன்பு நிரப்பிய சிஎஃப்சி-12 வாயுவோ மண்ணுக்கு ஏறக்குறைய அகப்படுவதேயில்லை. காற்றில் கலந்தால் ஏறத்தாழ 100 ஆண்டுகள் நிலைக்கிறது. ஆகவேதான் நாடுகள் 1987-இல் மான்ட்ரியலில் உடன்படிக்கை செய்தன. வளர்ந்த நாடுகள் 2005-ஆம் ஆண்டோடு, சில விதிவிலக்குகள் நீங்கலாக, மெத்தில் புரோமைடையும் கைவிட்டன.

பிரியமானவர்களே, கிருபை நம்மைத் தாங்குகிறது. அதை நாம் பாவத்துக்கு அனுமதிச் சீட்டாக்கிக்கொள்ளலாகாது. மண்ணின் பொறுமையும் அப்படிப்பட்டதே. பழைய ஏ.சி. இயந்திரங்களிலுள்ள ஆர்-22 வாயுவும் ஓசோனைக் கெடுப்பதே. உங்கள் வீட்டு இயந்திரத்தைப் பழுதுபார்க்கும்போதோ கழிக்கும்போதோ, வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் உருளையில் சேகரிக்கும்படி பணியாளரிடம் அன்போடு கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தங்கள் பங்கைச் செய்கின்றன. நம் பங்கை நாம் செய்வோம்.