யாருடைய இரத்தத்தில் தேடினார்கள்?

என் அக்காவுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி, வயிற்றோட்டத்தோடு இரத்தமும் போகும் நோய். கட்டுகஸ்தோட்டையில இருந்து கண்டி டவுனுக்குப் பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே, எங்கெங்க டொய்லட் இருக்குன்னு கணக்குப் போட்டுக்கணும். யாராவது விசாரிச்சா "கேஸ்ட்ரைட்டிஸ்"னு சொல்லிச் சமாளிப்பாள்.

அம்மாவுக்கு ஒரே கேள்விதான். "நம்ம பரம்பரையிலேயே யாருக்கும் இல்லையே, இவளுக்கு மட்டும் எப்படி?" அந்தக் கேள்விக்குள்ள ஒரு பயமும் இருக்கு. 'பரம்பரை நோய்' என்று பேர் வந்துட்டா கல்யாணப் பேச்சு என்னாகும்?

இதுக்குப் பதில் தேடித்தான் ஆய்வுகளை வாசிக்க ஆரம்பிச்சேன். 2012இல் ஒரு சர்வதேசக் குழு, 75,000க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை ஒப்பிட்டு, குடல் அழற்சி நோய்களோடு தொடர்புள்ள 163 இடங்களை மனிதப் பரம்பரையலகுகளில் அடையாளம் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. ஒரே உருவ இரட்டையரில் ஒருவருக்கு அக்காவின் நோய் வந்தாலும், மற்றவருக்குப் பெரும்பாலும் வருவதில்லை. அதனால குடும்பத்தில் ஒருத்தரைக் கைகாட்டிக் குற்றம் சொல்ல இதில் இடமே இல்லை. இதை அம்மாவுக்குச் சொன்னப்போ கொஞ்சம் மூச்சு விட்டாங்க.

ஆனா எனக்கு வேறொரு கேள்வி வந்தது. 2015இல் அந்தத் தேடல் இன்னும் விரிந்தபோது, 86,640 பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். கிழக்காசியர், இந்தியர், ஈரானியர் எல்லாரையும் சேர்த்தே 9,846 பேர்தான். இது வெறும் எண்ணிக்கைப் பிரச்சினையா?

இல்லை. அக்கா குடித்த மருந்தையே எடுங்க. அசதயோப்ரின் சிலருக்கு வெண்குழியங்களை ஆபத்தாகக் குறைத்துவிடும். அதை முன்கூட்டியே அறிய, மேற்கு நாடுகளில் டி.பி.எம்.டி. என்ற நொதியத்தைப் பரிசோதிப்பார்கள். ஆனா ஆசியர்களிடம் அந்த நொதியத்தின் குறைபாடு அரிது. வெண்குழியம் குறைவதோ அதிகம். விடை 2014இல் தென்கொரியாவில் கிடைத்தது. சோல் ஆய்வாளர்கள் தங்கள் நோயாளிகளிடமே தேடி, என்.யு.டி.டி.15 என்ற பரம்பரையலகில் ஒரு மாற்றத்தைக் கண்டார்கள். ஐரோப்பியரிடம் அரிதான அது, தெற்காசியரிடமும் உண்டு. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்தவர்களுக்கு, மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே முடி கொட்டி, வெண்குழியமும் சரிந்துவிடும்.

அக்காவுக்கு மூன்றாவது வாரம் தலையணையெல்லாம் முடி. ஒரு கிளினிக்கில் "டென்ஷனா இருக்கும்" என்றார்கள். இரத்தப் பரிசோதனையில் வெண்குழியம் குறைந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் மருந்தை நிறுத்தினார்கள். அவளுக்கு அந்தப் பரம்பரையலகைப் பரிசோதிக்கவில்லை, அதனால காரணம் அதுதான் என்று அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

நம்ம நாட்டிலும் இந்தத் தேடல் நடந்திருக்கு. ராகமை மருத்துவ பீடத்தின் மதுநில் நிரியெல்ல, ஜனக டி சில்வா ஆகியோரும், கொழும்பு மருத்துவ பீடத்தின் வஜிர திசாநாயக்கவும் இருந்த குழு, இலங்கை நோயாளிகளின் இரத்தத்தை நோயில்லாதவர்களோடு ஒப்பிட்டு 2018இல் ஆய்வொன்றை வெளியிட்டது. கட்டுரையின் தலையில் பெயர்கள் வரிசையாக இருக்கு. கையை நீட்டி ஒரு குழாய் இரத்தம் கொடுத்தவர்களின் பெயர் அதில் இல்லை, இருக்கவும் கூடாது. ஆனாலும் அவர்களும் அந்தக் குழுதான். அவர்கள் இல்லாமல் சோலிலும் விடை கிடைத்திருக்காது, ராகமையிலும் கேள்வி எழுந்திருக்காது.

"நாளைக்கு யாராவது ஆய்வுக்கு இரத்தம் கேட்டா குடுப்பியா?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"எதுக்குன்னு தமிழ்ல விளக்கமா சொல்லட்டும். புரிஞ்சா குடுப்பேன்" என்றாள்.