டர்போவைக் குற்றம் சொல்வதற்கு முன்

அண்ணனின் காடியில் எண்ணெய் கசியத் தொடங்கிய இரண்டு மாதத்தில் மூன்று பேரிடம் காட்டினோம். முதல் இடம் குளிர்சாதன அறையும் கோப்பி மெஷினும் வைத்திருக்கும் பெரிய வொர்க்‌ஷாப். காடியைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்து, ஐந்து நிமிடத்தில் இறக்கினார்கள். “டர்போ சீல் போச்சு. டர்போவே மாத்தணும்.” 4,600 வெள்ளி. இரண்டாவது, கடைவீட்டு வரிசையில் இருக்கும் ஒரு சின்ன பெங்கெல். அங்கே இருந்தவர் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் இருந்த ஈரத்தைக் காட்டி, பின்பக்க கிராங்க் சீல் என்றார். கியர்பாக்ஸை இறக்கினால்தான் அதைத் தொடவே முடியும். 1,800 வெள்ளி. மூன்றாமவர் காப்பார் சாலையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில் முப்பது வருடமாக வேலை செய்கிறவர். குனிந்து பார்த்தார். விரலால் தொட்டு மோந்தார். எழுந்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. கழுவினாத்தான் தெரியும்.”

அண்ணனுக்கு எரிச்சல். இரண்டு இடத்தில் விடை சொல்லிவிட்டார்கள், இந்த ஆளுக்கு டர்போ காடி தெரியாது போல என்று என் காதில் முணுமுணுத்தான். எனக்கோ அவர்மேல் நம்பிக்கை வந்ததே அந்த இடத்தில்தான். நான் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவள். பிரதியைப் புரட்டிய உடனே “இதுல பிரச்சினை என்னன்னா” என்று ஆரம்பிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு அது சும்மா ஒரு கறை இல்லை. அண்ணன் அந்தக் காடியை வைத்து ஈ-ஹெய்லிங் ஓட்டுகிறான். ஏழு வருடப் பழைய காடி, 1.6 லிட்டர் டர்போ. கம்பெனி எது என்பது இங்கே வேண்டாம். அண்ணிக்கு எட்டாம் மாதம். பிரசவச் செலவுக்கென்று அவன் எடுத்து வைத்திருந்தது 4,000 வெள்ளி. டர்போவை மாற்றினால் அதுவும் போய், மேலே 600 கடன். மாற்றாமல் ஓட்டலாமா என்றால் அதற்கும் வழியில்லை. ஏர்கோன் வழியாகக் கருகிய எண்ணெய் வாடை உள்ளே வர ஆரம்பித்திருந்தது. அங்கிள் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “இந்த நாத்தத்தோட ஆள ஏத்தாத தம்பி. சூட்டுல சொட்டுனா பத்திக்கும்.” அது பயமுறுத்தல் இல்லை. டர்போவின் புகைப்பக்க உறை, வேகமாக ஓட்டி வந்தபின் இருட்டில் பார்த்தால் சிவந்து தெரியும் அளவுக்குச் சூடேறக் கூடியது.

டர்போவின் வேலை என்னவென்று ஒருமுறை தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். வெளியே போகிற புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். அந்த வேகத்தில் உலோகம் உலோகத்தைத் தொட்டால் தீர்ந்தது கதை. அதனால் தண்டு எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது. இன்ஜினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அழுத்தத்தோடு எண்ணெயைக் கொண்டுவருகிறது. திரும்பிப் போகிற குழாய் தடிமனானது. அதில் அழுத்தம் ஏதும் கிடையாது. நுரைத்த எண்ணெய் தன் எடையிலேயே கீழே இறங்கி இன்ஜினின் அடித்தொட்டிக்குப் போகவேண்டும்.

சீல் என்றதும் நாம் ரப்பர் வளையத்தை நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலான டர்போவில் இருப்பது பிஸ்டன் ரிங் மாதிரியான மெல்லிய உலோக வளையம். அது எண்ணெயைத் தனியாக அடைத்துப் பிடிப்பதில்லை. உள்ளே அழுத்தம் சரியாக இருந்து, எண்ணெய் தடையில்லாமல் கீழே இறங்கும்வரை அதற்கு வேலை எளிது. இறங்குகிற வழி அடைபட்டால் எண்ணெய் உள்ளே தேங்கி, அந்த வளையத்தைத் தாண்டி வழியும். அப்போது டர்போ நல்ல டர்போதான். புதிதாக ஒன்று வாங்கிப் போட்டாலும் அதுவும் வழியும். 4,600 கொடுத்து மாற்றிவிட்டு, இரண்டாவது மாதம் அதே ஈரத்தோடு திரும்பி வந்தவர்களின் கதைகளை அங்கிள் வேலைக்கு நடுவில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருவர் மூன்று டர்போ மாற்றினாராம். அதில் கொஞ்சம் மிகை இருக்கலாம்.

சனிக்கிழமை காலை காடியை விட்டோம். இன்ஜினை ஆறவிட்டு, மின் இணைப்புகளைப் பிளாஸ்டிக் பையால் கட்டி, டீகிரீசர் அடித்துக் கழுவினார். காற்றடித்துக் காயவைத்தார். அதற்கே ஒன்றரை மணி நேரம். பிறகு, குழந்தைக்குப் போடுகிற பவுடர் டப்பாவை எடுத்துவந்தார். வால்வு கவரின் ஓரம், டர்போவிலிருந்து கிளம்பும் ரப்பர் ஹோஸின் முனைகள், எண்ணெய்க் குழாயின் போல்ட் எல்லாவற்றிலும் பவுடரைத் தூவினார். கறுத்த இன்ஜின் விபூதி பூசியது போல ஆகிவிட்டது. எண்ணெயில் சாயம் கலந்து, புற ஊதா விளக்கில் மஞ்சளாக ஒளிர்வதைப் பார்க்கிற முறையும் உண்டு. அந்த விளக்கு அவரிடம் இருக்கிறது. ஆனால் பவுடர்தான் முதலில். “இது பொய் சொல்லாது. நனைஞ்சா கோடு விழும்.”

அண்ணனோடு அரை மணி நேரம் ஷா ஆலம் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். பானட்டைத் திறந்தார்கள்.

எண்ணெய் கீழே வழியும், ஓட்டும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் சொட்டுகிற இடத்தைப் பார்ப்பதில் பயனில்லை. ஈரம் இருக்கிற இடங்களில் எது ஆக உயரம், எது ஆக முன்னால் என்றுதான் தேடவேண்டும். பவுடரில் இரண்டு கோடு விழுந்திருந்தது. ஒன்று வால்வு கவரின் பின்மூலையில். அங்கிருந்து இன்ஜினின் முதுகு வழியாக இறங்கி, கியர்பாக்ஸ் சேருகிற இடத்துக்குப் போயிருந்தது. இரண்டாவது பெங்கெல்காரர் கிராங்க் சீல் என்று காட்டிய அதே ஈரம். இன்னொரு கோடு டர்போவின் காற்றுப்பக்க ஹோஸ் முனையில். முதல் வொர்க்‌ஷாப் காட்டியது அது. இரண்டு பேரும் பார்த்தது உண்மையான ஈரத்தைத்தான். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று அதற்கு மேலே போய்ப் பார்க்கவில்லை.

“ரெண்டு இடத்துலயும் ஒரே நேரத்துல ஒழுகுதுன்னா என்ன அர்த்தம்?” என்று என்னைக் கேட்டார். முந்தைய இரண்டு இடத்திலும் நான் கேட்ட கேள்விக்குப் பதிலை அண்ணனைப் பார்த்தே சொன்னார்கள் என்பதால் எனக்கு ஒரு கணம் ஒன்றும் தோன்றவில்லை. அவரே சொன்னார்: “உள்ளாற மூச்சு முட்டுது. இன்ஜின் எங்க வழி கெடைக்குதோ அங்க விடுது.”

இதைத் தமிழில் எழுதவேண்டி வந்தால் நான் என்ன எழுதியிருப்பேன் என்று யோசித்தேன். பாசிட்டிவ் கிராங்க்கேஸ் வென்டிலேஷன் என்பதற்கு நேர்மறை வணரிக்கூடக் காற்றோட்டம் என்று ஏதாவது ஒன்றைக் கட்டி, அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறியும் போட்டிருப்பேன். மலாய், ஹொக்கியன், இங்கிலீஷ் எல்லாம் கலந்து பேசுகிற அவர் மூன்றே சொல்லில் முடித்துவிட்டார். சொல்லில் மட்டுமல்ல, அறிவியலிலும் அதுதான் சரி. எரிகிற வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி அடிப்பகுதிக்குக் கசிவது எல்லா இன்ஜினிலும் உண்டு. அது வெளியேற ஒரு வால்வும் ஹோஸும் இருக்கின்றன. டர்போ இன்ஜினில் இந்த வால்வுக்குக் கூடுதல் வேலை: டர்போ காற்றை அமுக்கும்போது அது திரும்ப இன்ஜின் வயிற்றுக்குள் புகாமல் மூடிக்கொள்ளவும் வேண்டும். அந்த வழி அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். கேஸ்கெட்டில் ஆக நலிந்த இடத்தில் எண்ணெய் பிதுங்கும். டர்போவிலிருந்து கீழே இறங்கவேண்டிய எண்ணெயும் இறங்காது. அழுத்தம் அதை எதிர்த்து நிற்கும்.

அவர் அதை நிரூபித்தது ஒரு ரப்பர் கையுறையை வைத்து. எண்ணெய் ஊற்றுகிற வாயின் மூடியைத் திறந்து, கையுறையை மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். சாதாரணமாக அது உள்ளே லேசாக இழுபட வேண்டும். எங்களுடையது மெல்ல நிமிர்ந்தது. கட்டைவிரல், பிறகு மற்ற விரல்கள். அரை நிமிடத்தில் ஐந்து விரலும் விரிந்து ஒரு கை மேலே நின்றது. கொட்டகையில் இருந்த வங்காளதேசத் தம்பி சிரித்துவிட்டான். அண்ணன் சிரிக்கவில்லை.

அவன் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. கையுறை நிமிர்வதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று வழி அடைத்திருக்கலாம். இல்லை, பிஸ்டன் வளையங்களே தேய்ந்து, எந்த வழியும் தாங்காத அளவுக்கு வாயு கீழே வந்துகொண்டிருக்கலாம். இரண்டாவது என்றால் இன்ஜினைப் பிரிக்கவேண்டும், அல்லது ஹாஃப்-கட் கடையில் வேறு இன்ஜின் தேடவேண்டும். 4,600 அப்போது சிறிய தொகையாகிவிடும். அங்கிள் ஒன்றும் பேசாமல் பிளக்குகளைக் கழற்றி, கம்ப்ரஷன் மீட்டரை ஒவ்வொரு சிலிண்டராக மாட்டினார். அண்ணன் வெளியே போய் நின்றுகொண்டான். நான் காகிதத்தில் எண்களை எழுதினேன். நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு, நல்ல அளவு.

அதன்பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. வால்வைக் கழற்றி ஆட்டினார். உள்ளே சத்தமே இல்லை. ஹோஸுக்குள் கறுத்த களிம்பு. டர்போவின் காற்றுப்பக்கக் குழாயைக் கழற்றி, விரலால் தண்டை அசைத்துக் காட்டினார். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம். மிதக்கிற தண்டுக்கு அது இயல்பு. முன்னும் பின்னும் ஆட்டமே இல்லை. சக்கரத்தின் இதழ்கள் சுவரை உரசிய அடையாளமும் இல்லை. கீழே போகிற குழாய் சுத்தம். “டர்போவுக்கு ஒண்ணுமில்ல. பாவம் அது.”

களிம்பு ஏன் வந்தது என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில்தான் அண்ணனை உட்கார வைத்தது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை தவறாமல் எண்ணெய் மாற்றுகிறான், ரசீது எல்லாம் இருக்கிறது. ஆனால் ஈ-ஹெய்லிங் காடி பாதி நேரம் ஓடுவதில்லை; ஏர்கோன் போட்டுக்கொண்டு ஆளுக்காகக் காத்து நிற்கிறது. “நீ நிக்கிறப்ப மீட்டரு ஓடாது. மினியாக் ஹித்தாம் வெந்துகிட்டேதான் இருக்கும்.” இனி ஐயாயிரத்துக்கு ஒருமுறை என்றார். எங்கள் ஊர் வெயிலிலும் நெரிசலிலும் இப்படித் தொழில் செய்கிற யாருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

வால்வும் ஹோஸ்களும் 140. வால்வு கவர் கேஸ்கெட் 85. எண்ணெயும் பில்டரும் 190. வேலைக்கு 200. கடைசி வரியில் மலாயில் ஒன்று எழுதி, எதிரே 80 என்று போட்டிருந்தார். பார்த்த கூலி.

“பார்த்ததுக்குமா காசு?” என்றான் அண்ணன். 695 வெள்ளியில் தப்பித்த மனிதன் கேட்கிற கேள்வியா இது என்று எனக்கு வந்தது கோபம். ஆனால் அது அவன் ஒருவனின் கேள்வி இல்லை. நாங்கள் எல்லாருமே சாமானுக்குத்தான் காசு கொடுத்துப் பழகியிருக்கிறோம். பெட்டியில் வருகிற புது டர்போவுக்கு 4,600 கொடுப்பது கஷ்டம், ஆனால் நியாயமாகத் தெரிகிறது. அரைநாள் கழுவி, காயவைத்து, பவுடர் போட்டு, ‘இது இல்லை, அதுவும் இல்லை’ என்று ஒவ்வொன்றாக நீக்கிய வேலைக்கு 80 வெள்ளி கேட்டால் ஏமாற்று என்று தோன்றுகிறது. இந்த நிலையில் பெரிய வொர்க்‌ஷாப்காரன் ஐந்து நிமிடத்தில் டர்போ என்று சொல்வதை முழுக்கப் பேராசை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவன் அரைநாள் தேடினால் அந்த அரைநாளுக்கு யாரும் தரப்போவதில்லை. சாமானை மாற்றினால் அதில் அவனுக்கு லாபம் இருக்கிறது. தவறாகவே மாற்றினாலும்.

அங்கிள் அதற்கெல்லாம் விளக்கம் தரவில்லை. “நெறைய பேரு அத வெட்டிட்டுத்தான் குடுப்பாங்க தம்பி. நீயும் வெட்டிக்க,” என்றார். நான் 700 வெள்ளியை மேசையில் வைத்தேன். ஐந்து வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தார்.

கிளம்புவதற்கு முன் மறுபடி கையுறையை மாட்டிக் காட்டினார். தொங்கி, உள்ளே லேசாக ஒட்டியது. முன்பக்கத்தில் இன்னொரு சீல் ஓரம் கொஞ்சம் வியர்த்திருக்கிறது, இப்போது தொடவேண்டாம், அழுத்தம் குறைந்தால் அதுவே நிற்கலாம், இல்லாவிட்டால் அப்போது பார்ப்போம் என்றார். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது, சமதரையில் நிறுத்தி டிப்ஸ்டிக்கைப் பார்த்து எழுதிவைக்கச் சொன்னார். அண்ணன் ஃபோனில் எழுதுகிறேன் என்றான். நோட்டில் எழுது என்றார். இப்போது டேஷ்போர்டில் ஒரு பள்ளிக்கூட நோட்டு கிடக்கிறது. மூன்று வரி எழுதியிருக்கிறான்.