கடைசியாக ஒரு வருஷம்

மெல்போர்னில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு சனிக்கிழமை பேரன் என்னை டாக்லேண்ட்ஸ் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். முட்டை வடிவப் பந்து. இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“தாத்தா, அந்தக் கோல் பக்கத்துக்கு கவென்ட்ரி எண்ட்னு பேரு” என்றான்.

“யாருப்பா அவரு?”

வீடு திரும்பும்வரை கதை சொன்னான்.

கார்டன் கவென்ட்ரி. டயமண்ட் கிரீக் ஊர்க்காரர். 1920-ல் காலிங்வுட் அணிக்கு ஆட வந்தார். 1929-ல் ஒரே சீசனில் 124 கோல்! அந்த லீக்கில் ஒரு சீசனில் நூறு கோலைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். 1927 முதல் 1930 வரை தொடர்ந்து நான்கு முறை காலிங்வுட் சாம்பியன். கேப்டன் வேறு யாருமில்லை, அவருடைய அண்ணன் சிட்.

1936-ல் கழுத்தில் கட்டிகளோடு ஆடிக்கொண்டிருந்தார். எதிரணிக்காரர் ஒருவர் அந்த இடத்திலேயே அடிக்க, வலி தாங்காமல் இவரும் திருப்பி அடித்துவிட்டார். அதுவரை ஒரு புகார்கூட இல்லாத மனிதர். எட்டு ஆட்டங்களுக்குத் தடை. அந்த வருஷ இறுதிப் போட்டியில் காலிங்வுட் ஜெயித்தது. அவர் ஆடவில்லை.

எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

31 வருஷம் ஒரே அலுவலகத்தில் கிளார்க். யாரையும் அதிர்ந்து பேசாதவர். ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கும்போது, அம்மாவைப் பற்றிக் கேவலமாகப் பேசிய ஒருவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். சஸ்பெண்ட் ஆனார். ஒரு மாதத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். அப்பா போகவில்லை. விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டார். வழியனுப்பு விழா இல்லை, மாலை இல்லை. அதன் பிறகு அந்தத் தெருப் பக்கமே நடக்கமாட்டார்.

“விடுங்கப்பா, இனிமே அங்க எதுக்குப் போகணும்?” என்று ரோஷமாகச் சொன்னவன் நான்தான்.

கவென்ட்ரி திரும்பி வந்தார். ஓய்வு பெற நினைத்தவர், 1937-ல் இன்னும் ஒரு சீசன் ஆடினார். 35 வயதில் 72 கோல். மொத்தம் 306 ஆட்டம், 1299 கோல். அந்த லீக்கில் 300 ஆட்டங்களைத் தொட்ட முதல் வீரரும் அவர்தான். அவருடைய கோல் சாதனையை 1999-ல்தான் டோனி லாக்கெட் முறியடித்தார். மைதானத்தின் இன்னொரு முனைக்கு அவர் பெயர்.

“ஏன் தாத்தா பேசாம வர்றீங்க?” என்றான் பேரன்.

“ஒண்ணுமில்லடா” என்றேன்.

‘ஒரு வருஷம்தானே, போயிட்டு வாங்கப்பா’ என்று அன்றைக்கு நான் சொல்லியிருக்கலாம்.